பேச வந்த ஆள்காட்டியும் வாசலில் கேட்ட விளாம்பழமும்

ஆனைமடுக் காட்டில் கோடை தொடங்கியதும் ஒரு கூட்டம் நடக்கும். மடுவின் கரையில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதற்கு முன்னால் மிருகங்களும் பறவைகளும் மூன்று நாள் காலையில் கூடும். யாருக்கு எது தெரியுமோ, அவர்கள் பாறைமேல் ஏறி அதை மற்றவர்களுக்குச் சொல்வார்கள். எந்த ஊற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, எந்தக் காய் வயிற்றைக் கெடுக்கும், எந்தப் பக்கம் வேட்டைக்காரன் கண்ணி வைத்திருக்கிறான், இப்படி.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு விளாம்பழம் கொண்டுவர வேண்டும். சின்ன உயிர்கள் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வரலாம். அந்தப் பழம் எல்லாம் கருமூஞ்சிக் குரங்குகளுக்கு. காரணம் இருக்கிறது. கூட்டம் நடக்கும்போது குரங்குகள்தான் மரத்து உச்சியில் உட்கார்ந்து சிறுத்தை வருகிறதா என்று பார்க்கும். காவல் இருக்கிற குரங்கு இரை தேடப் போக முடியாது அல்லவா? அதற்குத்தான் பழம்.

வாசல் என்பது இரண்டு புளியமரத்துக்கு நடுவில் இருந்த இடைவெளி. அங்கே சடையாண்டி என்ற குரங்கு உட்கார்ந்து பழம் வாங்கும். கூட்டத்துக்குத் தலைவர் கொம்பையா என்ற காட்டெருமை.

போன கோடை ரொம்பப் பொல்லாத கோடை. தரையில் முட்டையிடுகிற காடை, கௌதாரி, காட்டுக்கோழி எல்லாருக்கும் முட்டை வெயிலில் வெந்துபோனது. ஆனால் சரளை மேட்டில் இருந்த ஆள்காட்டிக் குருவி செவ்வந்திக்கு மட்டும் நாலு முட்டையும் குஞ்சாகின. அங்கே ஒரு செடிகூடக் கிடையாது. வெறும் கல்.

"எப்படிப் பொரிச்சாளாம்?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"அவளையே கூப்பிட்டுக் கேட்டா என்ன?" என்றாள் அங்கம்மா என்ற காடை. போன கோடையில் அவளுக்கு ஒரு முட்டைகூடத் தங்கவில்லை. இந்தக் கோடையில் மறுபடியும் முட்டையிடப் போகிறாள். அவளுக்கு இது தெரிந்தே ஆகவேண்டும்.

கொம்பையா தலையாட்டினார். மைனாவிடம் சொல்லி அனுப்பினார்.

மைனா சரளை மேட்டுக்குப் பறந்து போனது. "செவ்வந்தி! கூட்டத்துல உன்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க!" என்றது.

செவ்வந்திக்கு உடம்பெல்லாம் கூசியது. "என்னையா? நான் பாறையில ஏறிப் பேசறதா? ஐயோ, எனக்கு நாலு பேரைப் பார்த்தாலே தொண்டை அடைச்சுக்கும்."

அவள் வீட்டுக்காரன் கருப்பணன் முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தான். இந்த வருடமும் நாலு முட்டை. "போயிட்டு வா. நாலு பேருக்கு நல்லதுதானே? ஆனா வெயில் ஏறதுக்குள்ள வந்துடு. உச்சி வெயில்ல நான் ஒருத்தனா என்ன பண்ணுவேன்?" என்றான்.

அது உண்மைதான். வெயில் ஏறிவிட்டால் ஒருவர் முட்டைக்கு நிழலாக நிற்க வேண்டும். இன்னொருவர் தண்ணீருக்கு ஓட வேண்டும். ஒருவர் இல்லாவிட்டாலும் முட்டை போய்விடும்.

முதல் நாள் காலை. விடிந்ததும் செவ்வந்தி கிளம்பினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பறந்தாள். வாசலில் வந்து இறங்கினாள்.

"பழம்!" என்றான் சடையாண்டி, கையை நீட்டி.

"அண்ணே, நான் கேக்க வரலை. பேச வந்திருக்கேன். என்னைக் கூப்பிட்டாங்க."

"தெரியும்மா. ஆள்காட்டிதானே? உன் பேரு இன்னைக்கு இருக்கு. பழம் எங்கே?"

"பேச வர்றவங்களும் கொடுக்கணுமா?"

"பேசறவங்க, கேக்கறவங்க, கொட்டாவி விடறவங்க, யாரா இருந்தாலும் பழம் கொடுக்கணும்!"

செவ்வந்தி தயங்கினாள். "நான் இருக்கிற இடத்துல விளாமரமே இல்லைண்ணே. அதுவுமில்லாம, அந்தப் பழம் என் தலையைவிடப் பெருசா இருக்கு. எப்படித் தூக்கறது?"

"அதையெல்லாம் நான் யோசிக்க முடியுமா? உன்னைப் பாறையில ஏத்திப் பேச விடறதே பெரிய விஷயம். காடே உன் பேரைச் சொல்லும். அதுக்கு மேல பழமும் வேண்டாங்கணுமா?"

"தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

"தலைவர் பாறைகிட்டப் போயாச்சு. பின்னால ஆளு நிக்குது பாரு. தள்ளிக்கோ!"

பறந்து உள்ளே போயிருக்கலாம்தான். அவளுக்கு இறக்கை இல்லையா என்ன? ஆனால் செவ்வந்தி அப்படிப்பட்டவள் இல்லை. பழம் கொடுக்காமல் நுழைந்துவிட்டாள் என்று யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அவளால் தாங்க முடியாது.

அவள் வடக்குச் சரிவில் இருந்த விளாமரத்துக்குப் போனாள். கீழே ஒரு பழம் கிடந்தது. அலகால் தள்ளினாள். அது அசையவில்லை. காலால் உதைத்தாள். கொஞ்சம் உருண்டது. மறுபடியும் உதைத்தாள். அது சரிவில் கடகடவென்று ஓடி, ஒரு முள்ளுப் புதருக்குள் போய்ச் செருகிக்கொண்டது. செவ்வந்தி புதரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எந்தப் பக்கமும் வழி இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். வெயில் மரத்துக்கு மேலே ஏறியிருந்தது.

"ஐயோ, முட்டை!"

அவள் பறந்த வேகத்தில் வழியில் இருந்த கிளிகள் பயந்து ஒதுங்கின. சரளை மேட்டில் கருப்பணன் இறக்கையை விரித்து நின்றுகொண்டிருந்தான். வாய் பிளந்து மூச்சு வாங்கியது.

"தண்ணி! தண்ணி கொண்டா!" என்று கத்தினான்.

செவ்வந்தி ஓடைக் குட்டையில் விழுந்து வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்தாள். முட்டைகளின்மேல் பதமாக உட்கார்ந்தாள். மறுபடியும் ஓடினாள். மறுபடியும் வந்தாள். மாலை வரைக்கும் ஓட்டம்தான். கடைசியில் காதை வைத்துக் கேட்டாள். நாலு முட்டைக்குள்ளும் மெல்லிய அசைவு இருந்தது. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"பேசினியா?" என்று கேட்டான் கருப்பணன்.

"உள்ளேயே விடலை."

மடுக்கரையில் அந்தக் காலை வேறு விதமாகப் போனது. செவ்வந்தியின் முறை வந்ததும் யாரையும் காணோம். உடனே சிங்காரம் என்ற மயில் பாறைமேல் ஏறிக்கொண்டது. "என் தோகையும் நானும்" என்ற தலைப்பில் பேசத் தொடங்கியது. நீளமாகப் பேசியது. ஒரு முயல் தூங்கியே போனது.

அங்கம்மாவால் பொறுக்க முடியவில்லை. "ஆள்காட்டி எங்கே? நாங்க அவளைக் கேக்கத்தானே வந்தோம்?"

"வந்தா. பழம் இல்லை. போகச் சொல்லிட்டேன்," என்றான் சடையாண்டி.

"போகச் சொன்னியா!" கௌதாரிகளும் காட்டுக்கோழிகளும் ஒரே சத்தம் போட்டன. "அவ பேச்சைக் கேக்கத்தான் நாங்க பழத்தை மலையிலேருந்து உருட்டிட்டு வந்தோம்!"

சிங்காரம் கழுத்தை நீட்டியது. "பழம் கொடுத்துட்டுப் பேசறதுதான் கௌரவம். நான் கொடுக்கலையா? ரெண்டு பழம் கொடுத்தேன்!"

சத்தம் பெரிதானது. கொம்பையாவுக்குச் சத்தம் என்றால் ஆகாது. கொம்பை ஒரு ஆட்டு ஆட்டினார். "சரி, சரி! நாளையிலேருந்து பேச வர்றவங்க யாரும் பழம் கொண்டுவர வேண்டாம்! கேக்க வர்றவங்க மட்டும் கொடுத்தாப் போதும்! மைனா, போய் அந்தப் பொண்ணைத் திரும்பக் கூட்டிட்டு வா!"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். சடையாண்டி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டான். "தலைவரே, கொஞ்சம் யோசிச்சு..." என்று இழுத்தான். யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் விடிந்தது. முதலில் காட்டுப்பன்றி வந்தது. வெறும் கையோடு வந்தது.

"பழம்?"

"நான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன்!"

"எதைப் பத்தி?"

"கிழங்கைப் பத்தி!"

"கிழங்கைப் பத்தி என்ன சொல்லுவே?"

"நல்லா இருக்கும்னு சொல்லுவேன்!"

சடையாண்டி தலையில் அடித்துக்கொண்டான். உள்ளே விட்டான். அடுத்து முயல் வந்தது. ஓடுவதைப் பற்றிப் பேசுமாம். அதன் பின்னால் ஆமை வந்தது. ஓடாமல் இருப்பதைப் பற்றிப் பேசுமாம். தவளைகள் கும்பலாக வந்தன.

"நீங்களுமா? உங்கள்ல யாரு பேசறது?"

"எல்லாரும்தான்! ஒரே நேரத்துல!"

கொஞ்ச நேரத்தில் காட்டில் எல்லாரும் பேச்சாளர்கள் ஆகிவிட்டார்கள். பாறைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. எல்லாரும் பாறைமேல் ஏற வரிசையில் நின்றார்கள். கேட்பதற்கு என்று வந்தது அங்கம்மாவும் அவள் கூட்டமும்தான். வாசலில் அவர்கள் உருட்டி வந்த ஒரே ஒரு விளாம்பழம் கிடந்தது.

செவ்வந்தியும் வந்திருந்தாள். இன்றைக்கு வாசலில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதாகிவிட்டது.

"நான் கொஞ்சம் சீக்கிரம் போகணும். முட்டை இருக்கு," என்றாள் முன்னால் நின்ற கீரியிடம், மெதுவாக.

"எல்லாருக்கும்தான் வேலை இருக்கு!" என்றது கீரி.

செவ்வந்தி வெயிலைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். பாறைமேல் பன்றி இன்னும் கிழங்கை விடவில்லை.

மரத்து உச்சியில் குரங்குகளுக்குப் பசி. ஒரு குட்டிக் குரங்கு அழுதது. தாய்க்குரங்கு கீழே பார்த்தது. ஒரு பழம். இத்தனை பேருக்கு ஒரு பழமா? "சடையாண்டி, நீயே காவல் இரு. நாங்க போய்ப் பிள்ளைக்கு ஏதாவது பார்க்கறோம்," என்று சொல்லிவிட்டு அது போனது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் எல்லாமும். சடையாண்டி வாசலில் இருப்பானா, மரத்தில் இருப்பானா? இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம்தான் சிறுத்தை வந்தது.

அது கோரைப்புல்லுக்குள் வயிறு தரையில் படப் படுத்தபடியே நகர்ந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தங்கள் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, விளாமரத்துக்குப் போன ஒரு குரங்கு திரும்பிப் பார்த்தது. கிளையை உலுக்கி வீறிட்டது.

"சிறுத்தை! ஓடுங்க!"

அப்புறம் பேச்சாவது, வரிசையாவது! பன்றி பாறையிலிருந்து அப்படியே மடுவுக்குள் குதித்தது. சிங்காரம் பறக்கும்போது சிறுத்தை பாய்ந்து ஒரு அடி அடித்தது. உயிர் தப்பியது. தோகையில் பாதி சிறுத்தையின் கையில் போனது. கொம்பையா கொம்பைத் தாழ்த்திக்கொண்டு எதிரே வந்ததும் சிறுத்தை ஒரு உறுமல் உறுமிவிட்டு ஒதுங்கிப் போனது.

செவ்வந்தி சரளை மேட்டுக்குப் பறந்துவிட்டாள். இரண்டாவது நாளும் அவள் பேச்சு அவள் வாய்க்குள்ளேயே இருந்துவிட்டது.

மாலையில் எல்லாரும் மடுக்கரையில் பயந்து பயந்து மறுபடி கூடினார்கள். குரங்குகளும் திரும்பி வந்து மரத்தில் உட்கார்ந்தன.

"பார்த்தீங்களா? பழம் இல்லேன்னா காவல் இல்லை. நான் என்ன, பழத்தைச் சேர்த்து வெச்சு மாளிகையா கட்டப்போறேன்?" என்றான் சடையாண்டி.

கொம்பையா பெருமூச்சு விட்டார். "அவன் சொல்றது சரிதான். பழையபடியே வெச்சுக்குவோம். பேசறவங்களும் பழம் கொடுக்கட்டும்."

"அப்படிச் சொல்லுங்க!" என்றது சிங்காரம், மிச்சமிருந்த தோகையை மறைத்துக்கொண்டு. "நான் மட்டும் ரெண்டு பழம் கொடுத்துப் பேசுவேன், இன்னொருத்தி சும்மா பேசுவாளா?"

அங்கம்மா முன்னால் வந்தாள். இவ்வளவு பேருக்கு நடுவில் அவள் ஒரு கைப்பிடிகூட இல்லை. ஆனாலும் பேசினாள்.

"சிங்காரண்ணே, உங்களைப் பேசச் சொல்லி யாராவது கூப்பிட்டாங்களா?"

"கூப்பிடணுமா என்ன? நானே வந்தேன்."

"அதாண்ணே. உங்களுக்குப் பேசணும்னு ஆசை. ஆசைக்குப் பழம் கொடுத்தீங்க. பன்னியண்ணனுக்கும் ஆசை. இருக்கட்டும். செவ்வந்திக்கு என்ன ஆசை? அவ பாட்டுக்கு அவ மேட்டுல இருந்தா. நமக்கு வேணும்னு நாமதான் கூப்பிட்டோம். நம்ம வேலைக்குக் கூப்பிட்டுட்டு, வாசல்ல நிக்க வெச்சுப் பழம் கேட்டா எப்படி?"

கௌதாரிகள் தலையாட்டின. தவளைகள்கூடத் தலையாட்டின.

"நாம கூப்பிட்டா அவங்ககிட்டப் பழம் கேக்க வேண்டாம். தானா பேச வந்தா பழம் கொடுக்கட்டும். கேக்க வர்ற நாமும் கொடுப்போம். சடையாண்டி அண்ணன் பிள்ளைகளும் பட்டினி கிடக்க வேண்டாம்," என்றாள் அங்கம்மா.

சடையாண்டி யோசித்தான். "கூப்பிட்டவங்க ஒரு ரெண்டு மூணு பேர்தான் இருப்பாங்க. அதுக்கு எங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது. இதை நேத்தே யாராவது சொல்லியிருக்கலாமே!"

"நேத்து நீங்க எங்கே கேட்டீங்க? தள்ளிக்கோ தள்ளிக்கோன்னீங்க!" என்றாள் அங்கம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். சடையாண்டியும் சிரித்துவிட்டான்.

கொம்பையா தொண்டையைச் செருமினார். "நல்ல யோசனை. அப்படியே செய்வோம்."

அங்கம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். வாயைத் திறந்தாயிற்று, இனிப் பாதியில் நிறுத்துவானேன் என்று கேட்டே விட்டாள். "தலைவரே, இன்னொண்ணு. இத்தனை வருஷத்துல நீங்க கொண்டுவந்த பழம் எதையாவது யாராவது பார்த்திருக்காங்களா?"

கொம்பையா கண்ணைச் சிமிட்டினார். தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. "இல்லை," என்றார். அப்புறம், "ஏறு என் முதுகுல. அந்தப் பொண்ணு ரெண்டு தடவை வந்து திரும்பிப் போயிருக்கு. மைனாவை அனுப்பினாப் போதாது. நானே போய்க் கூப்பிடறேன்," என்றார்.

இருட்டுவதற்குள் இரண்டு பேரும் சரளை மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காட்டெருமை வருவதைப் பார்த்ததும் கருப்பணன் கத்திக்கொண்டே பாய்ந்து வந்து அவர் நெற்றியில் ஒரு கொத்து கொத்தினான். "கிட்ட வராதே! முட்டை இருக்கு! முட்டை!"

"அட, நில்லுப்பா! நான் மிதிக்க வரலை. மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்," என்றார் கொம்பையா, இருந்த இடத்திலேயே நின்று. புதுச் சட்டத்தைச் சொன்னார்.

செவ்வந்தி எல்லாவற்றையும் கேட்டாள். முகம் தெளியவில்லை. "பழம் வேண்டாம்னு சொன்னது சந்தோஷம்ண்ணே. ஆனா நாளைக்கு என்னால வர முடியாது."

"ஏம்மா? கோபமா?"

"கோபமில்லை. நேத்தும் இன்னைக்கும் தாமதமாத்தான் திரும்பி வந்தேன். முட்டை ரொம்பச் சூடாயிடுச்சு. இப்போ உள்ளேருந்து சத்தம் கேக்குது. நாளைக்குப் பொரிச்சாலும் பொரிக்கும். நான் போனா இவர் தண்ணிக்குப் போக முடியாது. இவர் தண்ணிக்குப் போனா நிழல் இல்லை. பழம் கேக்காம விட்டா மட்டும் நான் வந்துட முடியுமா? நான் வர்ற நேரத்துக்கு யாரு நிழல் தருவாங்க?"

இதை அங்கம்மாவும் யோசிக்கவில்லை. தனக்கு வேண்டியதை மட்டும்தான் யோசித்திருந்தாள்.

கொம்பையா முட்டைகளைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். தன் உடம்பையே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நிழல்தானே வேணும்?" என்றார்.

மூன்றாம் நாள் காலை, ஆனைமடுக் காட்டில் யாரும் பார்க்காத ஒன்று நடந்தது. கூட்டத்தின் தலைவர் கூட்டத்துக்குப் போகவில்லை. சரளை மேட்டில் நாலு முட்டைக்கு மேலே, நாலு காலையும் அகற்றி வைத்துக்கொண்டு, ஒரு கொட்டகை மாதிரி நின்றார்.

"கால் பத்திரம்! கால் பத்திரம்!" என்று கருப்பணன் கத்திக்கொண்டே இருந்தான்.

"வெச்ச கால் வெச்ச இடத்துலதான்ப்பா இருக்கு!"

"வெயில் நகருது பாருங்க! கொஞ்சம் இடது பக்கம் வாங்க! ஐயோ, அவ்வளவு வேண்டாம்!"

ஈ வந்து கொம்பையாவின் மூக்கில் உட்கார்ந்தது. வாலால் ஓட்ட முடியாது. தலையை ஆட்டினால் உடம்பு ஆடும். அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். கருப்பணன் குட்டைக்கு ஓடி ஓடி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தான்.

மடுக்கரையில் வாசலுக்குச் செவ்வந்தி வந்தாள். சடையாண்டி எழுந்து நின்றான். கையை நீட்டவில்லை. "வாம்மா. முதல் பேச்சு உன்னுதுதான். எல்லாரும் உனக்காகத்தான் காத்திருக்காங்க. மேல எங்க ஆளுங்க காவல் இருக்காங்க, நீ பயப்படாம பேசு," என்றான்.

செவ்வந்தி பாறைமேல் ஏறினாள். எத்தனை கண்கள்! வாய்க்குள் மூன்று நாளாக வைத்திருந்த பேச்சு எங்கோ ஓடிவிட்டது.

"எனக்குப் பேச வராது. செஞ்சு காட்டட்டுமா?" என்றாள்.

"காட்டு, காட்டு!"

அவள் மடுவில் இறங்கி வயிற்றை நனைத்தாள். நன்றாக உதறினாள். வெயிலில் காய்ந்துகிடந்த ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து எழுந்தாள். "இந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்க. அப்புறம் பக்கத்துக் கல்லைத் தொடுங்க."

அங்கம்மா இரண்டையும் தொட்டாள். "அடியம்மா! இது சில்லுனு இருக்கு, அது சுடுது!"

"அவ்வளவுதான். தண்ணி சொட்டக் கூடாது. ஈரம் மட்டும் பட்டா போதும்."

கேள்விமேல் கேள்வி வந்தது. செவ்வந்திக்குக் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

"என் வயிறு இத்தனூண்டுதான். எத்தனை தடவை ஓடறது? எனக்கு ஒத்தாசைக்கும் ஆள் கிடையாது," என்றாள் அங்கம்மா கடைசியில்.

"தனியா ஓடாதீங்கக்கா. பக்கத்துப் பக்கத்துல முட்டையிடுங்க. நீங்க தண்ணிக்குப் போறப்போ கௌதாரி பார்த்துக்கட்டும். அவ போறப்போ நீங்க பார்த்துக்கோங்க."

கௌதாரி அங்கம்மாவைப் பார்த்தது. அங்கம்மா கௌதாரியைப் பார்த்தாள். இத்தனை வருடம் ஒரே புதரில் இருந்தும் இது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பேச்சு முடிந்ததும் யாரும் அவளை நிறுத்திவைக்கவில்லை. "வழி விடுங்க, வழி விடுங்க! முட்டைக்காரி போகணும்!" என்று பன்றியே முன்னால் ஓடி வழி ஒதுக்கியது.

செவ்வந்தி மேட்டுக்கு வந்து இறங்கினாள். கொம்பையா மூச்சுக்கூட விடாமல் நின்றார். கண்ணை மட்டும் உருட்டி அவளைப் பார்த்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"சத்தம் போடாதே!" என்றார் கொம்பையா கிசுகிசுவென்று. "ஒண்ணு வெளியே வந்துடுச்சு. என் காலுகிட்ட நிக்குது. நான் என்ன செய்யணும்?"

அவருடைய முன்னங்காலில் சாய்ந்துகொண்டு, இன்னும் ஈரம் காயாத ஒரு குஞ்சு நின்றது. அது தலையைத் தூக்கி மேலே பார்த்தது. அகலமாக, கறுப்பாக, மெதுவாக மூச்சு விடுகிற கூரை.

"அம்மா, வானத்துக்கு நாலு காலா?" என்று கேட்டது.

கொம்பையாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் உடம்பு குலுங்குமே! அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வெயில் இறங்கி, நாலாவது குஞ்சும் வெளியே வருகிற வரைக்கும் அவர் அசையவே இல்லை.

அந்தக் கோடையில் காடைப் புதரில் அங்கம்மாவும் கௌதாரியும் மாறி மாறித் தண்ணீருக்கு ஓடினார்கள். புதர் முழுக்கக் குஞ்சுகளின் சத்தம்.

நமக்குத் தெரியாததைச் சொல்லித்தர நாமே ஒருவரை அழைத்தால், அவரிடம் வாசலில் கை நீட்டாமல், அவர் விட்டுவிட்டு வரும் சுமையையும் நாம் தாங்குவதே முறை.